அந்த எட்டு நிமிடங்கள்

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் சைனாடவுனின் டிரங்கானு ஸ்திரீட்டில் உள்ள ஒரு நினைவுப்பொருள் கடையில் ஆறு வாரம் பகுதிநேர வேலை பார்த்தேன். சாவிக்கொத்து, காந்த வில்லை, மெர்லயன் படம் போட்ட டி-சட்டை விற்கும் வேலை. இரவு பத்து மணிக்கு மேல் வெளியே தொங்கும் துணி அடுக்குகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓட வேண்டும். என்னோடு வேலை செய்த அக்காவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். வேலை முழுக்க அவர் தலையில்தான்; நான் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை இரவு எதிரே பீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் சண்டை போட்டார்கள். காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவர் போத்தலை மேசை விளிம்பில் அடித்து உடைத்தார். அடுத்தவர் அவரைத் தள்ளினார். அவர் தடுமாறி எங்கள் கடைப்பக்கம் வந்து விழப்போன நேரத்தில், துணி அடுக்கை இழுத்துக்கொண்டிருந்த அக்காவின் முன்கையைக் கண்ணாடி கிழித்துவிட்டது. ரத்தம் அவ்வளவு வேகமாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் என்ன செய்தேன்? நின்றேன். அவ்வளவுதான். உயர்நிலைப் பள்ளியில் முதலுதவி வகுப்புக்குப் போயிருக்கிறேன். முழுமைத் தற்காப்பு தினத்தன்று ஆண்டுதோறும் பயிற்சி செய்திருக்கிறேன். ஒன்றும் கைகொடுக்கவில்லை. உடைந்த போத்தலோடு அந்த ஆள் இன்னமும் கத்திக்கொண்டு நின்றார். பக்கத்துப் பழக்கடை அங்கிள்தான் அக்காவைத் தோளோடு அணைத்துக் கடைக்குள் இழுத்தார். என்னையும் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கினார். தம் தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, என் இரண்டு கைகளையும் எடுத்து அதன்மேல் அழுத்தி, “தெக்கான்! தெக்கான் குவாட்!” என்றார். அழுத்து, பலமாக அழுத்து என்று மலாயில் சொல்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. அந்த ஒரு மலாய்ச் சொல் போதுமாக இருந்தது.

பிறகு அக்காவே தன் காயத்தை அழுத்திக்கொள்ள, நான் கைப்பேசியை எடுத்தேன். 999ஆ, 995ஆ? இருபது வயதுவரை இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த நொடியில் அது மறந்துபோனது. காவல்துறைக்கு 999; தீயணைப்புக்கும் மருத்துவ வாகனத்துக்கும் 995. ஒருவழியாக அழைத்தேன். மறுமுனையில் நிதானமான குரல்: “எந்த இடம்?”

“சைனாடவுன்.”

“சைனாடவுனில் எங்கே? சாலைப் பெயர், கடை எண் சொல்லுங்கள்.”

சாலைப் பெயர் சொன்னேன். கடை எண் தெரியவில்லை. ஆறு வாரமாக நாள்தோறும் நுழைந்து வெளியேறும் கடை. அதன் எண் தெரியவில்லை. அக்கா வலியோடு முனகிக்கொண்டே சொன்னார். காயம்பட்டவரே முகவரியும் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

எட்டு நிமிடத்தில் மருத்துவ வாகனம் வந்தது. காவல்துறையினரும் ஏறக்குறைய அதே நேரத்தில் வந்தனர். கைப்பேசிப் பதிவில் நேரத்தைப் பார்த்து எண்ணினேன். நெருக்கடிச் சம்பவங்களில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவ வாகனம் 11 நிமிடத்துக்குள் சென்றுசேர வேண்டும் என்பது சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை வைத்திருக்கும் இலக்கு. அதைவிட முன்னதாகவே வந்துவிட்டார்கள். டிரங்கானு ஸ்திரீட் நடைபாதைச் சாலை என்பதால் வாகனத்தை டெம்பிள் ஸ்திரீட் முனையில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். அக்காவுக்குப் பதினோரு தையல். குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையே இல்லாத இடத்திலும் எட்டு நிமிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் பகுதியிலிருந்து எந்தத் தீயணைப்பு நிலையம் அருகில், எத்தனை வாகனம் என்பதெல்லாம் அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எவ்வளவு நல்ல சேவையாக இருந்தாலும் சாலையைக் கடந்துதான் வர வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தமோ மின்னதிர்ச்சியோ கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்று மருத்துவம் சொல்கிறது. 11 நிமிட இலக்கையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்குப் பாடத்தில் தடுமாறுபவருக்கும் விடை தெரிந்துவிடும். இதை நன்றாக அறிந்ததால்தான் குடிமைத் தற்காப்புப் படையே 2015ஆம் ஆண்டு ‘மைரெஸ்பாண்டர்’ செயலியைக் கொண்டுவந்தது. 400 மீட்டர் தூரத்துக்குள் யாருக்காவது இதயம் நின்றுவிட்டால் பதிவுசெய்தவர்களின் கைப்பேசி ஒலிக்கும். நாங்கள் வந்துசேரும்வரை நீங்கள் ஆரம்பியுங்கள் என்று ஒரு படையே பொதுமக்களிடம் கேட்கிறது.

‘தற்காப்பு’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. சிங்கப்பூர்த் தமிழில் அந்தச் சொல்லுக்கு எத்தனை வேலை! தற்காப்பு அமைச்சு, குடிமைத் தற்காப்புப் படை, முழுமைத் தற்காப்பு, தற்காப்புக் கலை. இவற்றில் கடைசியை மட்டும்தான் நாம் தனிமனிதருக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறோம். அதுவும் திரைப்படத்தில் பார்த்தபடி.

டிரங்கானு ஸ்திரீட் சம்பவத்தைக் கேள்விப்பட்ட என் அத்தை, அடுத்த முறை திருச்சியிலிருந்து வரும்போது எனக்கு ‘பெப்பர் ஸ்பிரே’ வாங்கி வருவதாகச் சொன்னார். இந்தியாவில் அதை எளிதாகக் கடையில் வாங்கலாம். இங்கே உரிமமின்றி அதைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். “பொண்ணு தன்னைக் காப்பாத்திக்க ஒரு டப்பா வெச்சிருந்தா அதுவும் தப்பா?” என்று அத்தை தொலைபேசியில் பொரிந்து தள்ளினார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அன்றிரவு அந்த டப்பா என் பையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். போத்தலோடு நின்றவரின் முகத்தில் அடித்திருப்பேன். ஐந்தடிச் சந்தில் காற்று எந்தப் பக்கம் வீசியிருக்குமோ! அக்காவின் கையை யார் அழுத்தியிருப்பார்கள்?

என் தம்பி சிலம்பம் கற்கிறான். சேர்ந்த புதிதில் வீட்டில் ஒரே புலம்பல்: “கம்பையே குடுக்க மாட்டேங்குறாங்க, காலடி மட்டும்தான்.” எங்கே நிற்பது, எப்படி விலகுவது, எப்படி வெளியேறுவது என்பதுதான் காலடிப் பாடம். அடி அதற்குப் பிறகு. பழக்கடை அங்கிள் சிலம்பம் கற்றவர் அல்லர். ஆனால் அன்று அவர் செய்தது முழுக்கக் காலடிதான். விலக்கினார், மறைத்தார், ரத்தத்தை நிறுத்தினார், உதவிக்குச் சொல்ல வைத்தார். 2016இல் தொடங்கப்பட்ட ‘எஸ்ஜிசெக்கியூர்’ இயக்கம் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதே வரிசை. ஓடு, ஒளிந்துகொள், தகவல் சொல். காயம் என்றால் அழுத்து, கட்டு, தகவல் சொல். நான் அதைச் சுவரொட்டியில் நூறு முறை பார்த்தவள். அங்கிள் 1970களில் தேசிய சேவையில் கைகளால் கற்றவர். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

திருப்பி அடிக்க நமக்கு உரிமையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தனியார் தற்காப்பைப் பற்றியவை. நம் உடலை மட்டுமல்ல, இன்னொருவரின் உடலையும் காக்கும் உரிமையை அவை தருகின்றன. வழிப்போக்கருக்காக நீங்கள் தலையிட்டாலும் அந்த உரிமை உண்டு. ஆனால் இரண்டு வேலிகள் உள்ளன. காவல்துறை போன்ற பொது அமைப்புகளின் பாதுகாப்பை நாட நியாயமான வாய்ப்பு இருந்தால் இந்த உரிமை எழாது. எழுந்தாலும், காத்துக்கொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். அந்த ஆள் போத்தலைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப்போய் உதைத்தால் அது தற்காப்பு அல்ல. அது புதிய குற்றம்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் இந்தியாவுக்காக எழுதிய வரைவிலிருந்து பிறந்தது இது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, 1872இல் நீரிணைக் குடியேற்றங்களில், அதாவது இங்கே, நடைமுறைக்கு வந்தது. இந்திய மக்கள் கொள்ளையர்களிடம் மிகவும் அடங்கிப் போகிறார்கள், அவர்களுக்குத் துணிச்சல் ஊட்ட வேண்டும் என்பதால் தற்காப்பு உரிமையைத் தாராளமாகவே வைத்தோம் என்று அந்த ஆணையம் தன் குறிப்பில் விளக்கியது. காலனி ஆட்சியாளரின் ஆணவம் அதில் தெரிகிறது. ஆனாலும் நேர்மையான ஒப்புதல் ஒன்றும் அதில் ஒளிந்திருக்கிறது. எங்கள் காவலர்களால் எல்லா இடத்துக்கும் வர முடியாது என்பதுதான் அது.

வர முடியாமல் போனதற்குச் சைனாடவுனே சாட்சி. 1854 மே மாதம் அரிசி வாங்கும்போது எழுந்த ஒரு தகராறு ஹொக்கியன், தியோச்சியூ குழுக்களுக்கு இடையிலான கலவரமாக மாறிப் பத்து நாளுக்குமேல் நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எண்ணிக்கையில் குறைவாக இருந்த காவலர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. படைவீரர்களை இறக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அரசின் பாதுகாப்பு எட்டாத மக்கள் தங்கள் பாதுகாப்பை ரகசியச் சங்கங்களிடம் தேடினார்கள். சங்கம் காக்கும், அதற்குக் காசு வாங்கும், பிறகு காசு தராதவரைச் சங்கமே அடிக்கும். 1877இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் அமைத்து, 1890இல் சங்கங்கள் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பிறகும் இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை கடைக்காரர்கள் குண்டர்களுக்குக் காப்புப்பணம் கட்டியிருக்கிறார்கள். பழக்கடை அங்கிளின் தந்தையும் கட்டியவராம். “அவரவர் பாதுகாப்பை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும்” என்று இணையத்தில் யாராவது வீரமாக எழுதும்போது எனக்கு இந்தத் தெருதான் நினைவுக்கு வருகிறது. அதை இங்கே ஒரு நூற்றாண்டு செய்து பார்த்தாயிற்று.

அமெரிக்காவில் அந்த வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. 1975இல் வாஷிங்டன் நகரின் ஒரு வீட்டில் பெண்கள் காவல்துறையை அழைத்தார்கள். வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பெண்கள் 14 மணி நேரம் கயவர்களிடம் சிக்கித் தவித்தனர். காவல்துறையின் கடமை பொதுச் சமூகத்துக்குத்தான், குறிப்பிட்ட ஒரு தனிமனிதருக்கு அல்ல என்று 1981இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து பலர் அடைந்த முடிவு: துப்பாக்கி வாங்கு. பல வீடுகளில் துப்பாக்கி உள்ள அந்த நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில், 2022 மே 24ஆம் தேதி யுவால்டி தொடக்கப்பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். மொத்தம் 376 அதிகாரிகள் அங்கே திரண்டும், கொலையாளியை நெருங்க 77 நிமிடங்கள் ஆயின. எண்ணிக்கையும் ஆயுதமும் அந்த நிமிடங்களைக் குறைக்கவில்லை.

நம் ஊர் எடுத்துக்காட்டுகள் வேறு மாதிரி. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி காலை ரிவர் வேலி சாலையில் ஒரு கடைவீடு தீப்பிடித்தபோது உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். அருகில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் கொண்டுபோய் வைத்து, சன்னலோரம் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒரு பத்து வயதுச் சிறுமியைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவர்கள் பலர் கீழே இறங்கிவிட்டார்கள். அவ்வாண்டு ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரெனப் புதைகுழி திறந்து ஒரு கார் உள்ளே விழுந்தது. அருகில் இருந்த கட்டுமானத்தளத்தின் மேற்பார்வையாளர் பிச்சை உடையப்பன் சுப்பையாவும் அவரது ஊழியர்களும் கயிற்றை இறக்கி, சில நிமிடங்களில் அந்தப் பெண்ணை மேலே இழுத்தனர். குழிக்குள் யாரும் குதிக்கவில்லை, கயிறுதான் போனது. வீரம் என்று நாம் பாராட்டியது உண்மையில் நல்ல வேலைப் பழக்கம். கட்டுமானத்தளத்தில் தினமும் காலை அவர்கள் கேட்கும் பாதுகாப்பு விளக்கத்தை நாம் வகுப்பறையில் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்கிறோம்.

இவர்களில் பலர் நம் தமிழர்கள். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை நாம் ஒதுங்கி நடக்கிறோமே, அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள்.

ஆயுதமேந்தியவரை எதிர்த்து நின்றவர்களும் உண்டு. 2022 ஏப்ரலில் பீச் சாலையில் ஒருவர் வெட்டுக்கத்தியால் தம் மனைவியைத் தாக்கியபோது, வழியில் சென்றவர்கள் நாற்காலி போன்ற கையில் கிடைத்த பொருள்களை வீசி அவரை விலக்கினார்கள். யாரும் பக்கத்தில் போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. தூரத்தைக் காத்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்கு நேரம் வாங்கிக்கொடுத்தார்கள்.

உளவியல் படிக்கும் நண்பர்கள் இங்கே ‘பார்வையாளர் விளைவு’ என்று குறுக்கிடுவார்கள். கூட்டம் அதிகமானால் யாரும் உதவ மாட்டார்கள் என்பது பாடம். 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டதை 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தியில் தொடங்கிய பாடம் அது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னாளில் தெரியவந்தது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று நாடுகளின் நகர வீதிகளில் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 சச்சரவுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். எனக்கு இது ஆறுதல். அன்றிரவு எங்களைச் சுற்றி இருபது கைப்பேசிகள் உயர்ந்ததைப் பார்த்தபோது உலகமே கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த இருபதில் ஒருவர், யாரும் கேட்காமலே டெம்பிள் ஸ்திரீட் முனைக்கு ஓடிப்போய் நின்று மருத்துவ ஊழியர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. அவர் இல்லையென்றால் எட்டு நிமிடம் பத்தாகியிருக்கும். படம் எடுத்தவர்களின் காணொளியும் பிறகு காவல்துறைக்கு உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒருவர் அழைத்துவிட்டார் என்று உறுதியானபின் படம் எடுங்கள். எனக்கு அதில் மறுப்பில்லை.

அதன்பிறகு நான் சிலவற்றைச் செய்தேன். நெஞ்சழுத்தமும் இதயத்துடிப்பு மீட்புக் கருவியும் கற்றுத்தரும் வகுப்புக்குப் போனேன். பொம்மையின் நெஞ்சை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்று அதைச் செய்தால்தான் தெரியும். இரண்டு நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. எங்கள் வீவக புளோக்கின் மின்தூக்கி அருகே அந்தக் கருவி இருப்பதை, பல ஆண்டுகளாக அதைக் கடந்து போன பிறகு, முதன்முறையாகக் கவனித்தேன். பேச முடியாத நிலையில் காவல்துறைக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் 70999 எண்ணைக் கைப்பேசியில் சேமித்தேன். ஒளிந்திருக்கும்போது வாய்திறந்து பேச முடியாது. அது எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. இரவில் வேலை முடிந்து நடக்கும் வழியில் எந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறேன். யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்கு ஓடக்கூடாது, வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்பது அம்மா சொன்னது. பகோடா ஸ்திரீட் முனையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கிய காலத்தில், கப்பலிலிருந்து இறங்கிப் போக்கிடமின்றி நின்றவர்களுக்கு வேலை கிடைக்கும்வரை தங்க இடம் தந்ததாம். அம்மாவின் அறிவுரை அவ்வளவு பழையது.

அக்கா இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறார். தழும்பு தெரியாமலிருக்க நீளக் கைச்சட்டை போடுகிறார். வெயிலில் புழுங்குகிறது என்று திட்டுகிறார். விரல் ஒன்று முழுதாக மடங்குவதில்லை, சில்லறை எண்ணும்போது சிரமம். போத்தலை உடைத்தவர் மீதான வழக்கு பற்றி அவர் பேச விரும்புவதில்லை, நானும் கேட்பதில்லை.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழக்கடை அங்கிள் என்னை நிறுத்தி, தராசைத் தட்டிக்கொண்டே கேட்பார்: “கடை நம்பர் என்ன?” இந்த மூன்று தமிழ்ச் சொற்களை அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் சொல்வேன். சரியாகச் சொன்னால் ஓர் ஆரஞ்சு. போன வாரம் அவர் கடையின் எண்ணைக் கேட்டுவிட்டார். விழித்தேன். ஆரஞ்சு கிடைக்கவில்லை.